செவலை நிற்க ஒரு தரை

டயரைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. சின்னமனூரிலிருந்து குச்சனூர் போகிற ரோட்டில், வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம், இருபத்தெட்டு வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சனீஸ்வரனைப் பார்க்க வருகிற வண்டிகளில் நாலைந்தாவது என் கடை வாசலில் நின்றுவிட்டுத்தான் போகும். ஆகவே, எதிர்த்த களத்தில் ஹாலோ பிளாக் போடுகிற விஜயபாண்டியின் பெண்டாட்டி கயல் ஒருநாள் வந்து, "பொன்னுராஜ் அண்ணே, பழைய டயர்த் தூளச் சிமெண்டுல கலந்து கல்லு போடப் போறேன்" என்றபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏத்தா, ரப்பரும் சிமெண்டும் என்னைக்குச் சேந்துச்சு? அது வளையும், இது ஒடையும்."

"அதுக்குத்தான்ணே சேக்குறது. ஒடையாமயும் இருக்கணும், வழுக்காமயும் இருக்கணும்."

தேனியில் சிவில் டிப்ளமோ படித்த பெண். படித்தவர்களிடம் வாயைக் கொடுத்தால் இப்படித்தான் என்று டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் காற்று முட்டை வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஆனாலும் அவள் எதற்காக இதில் இறங்குகிறாள் என்பது எனக்குத் தெரியும். கருப்பிக்காக.

விஜயபாண்டியின் அம்மா அய்யம்மாள் இரண்டு மாடு வைத்திருந்தாள். கருப்பி ஒன்று, செவலை ஒன்று. காலையும் மாலையும் பால் சொசைட்டிக்கு ஊற்றுவாள். களத்துக்குப் பின்னாலேயே வீடும் தொழுவமும். மண் தரையாக இருந்தபோது மழைக்காலத்தில் சகதியாகி இரண்டு மாட்டுக்கும் மடிநோய் வந்தது. அம்மா சாணிச் சகதியில் கிடந்து அல்லாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், விஜயபாண்டி தொழுவத்துக்குச் சிமெண்ட் தரை போட்டுக் கொடுத்தான். சொந்தக் கையால் போட்டான். கல்யாண வீட்டுக் கூடத்துக்குப் போடுவதுபோல வழவழவென்று தேய்த்து விட்டு, என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். நானும் "அருமைடா" என்றேன். அந்தச் சொல் இன்றைக்கும் என் நாக்கில் கசக்கிறது.

போன ஐப்பசி மழையில் கருப்பி அந்தத் தரையில் வழுக்கியது. பின்னங்கால் இரண்டும் பக்கத்துக்கொன்றாக விரிந்து இடுப்பு விட்டுப் போயிற்று. டாக்டர் வந்தார், ஊசி போட்டார். சாக்கில் தூளி கட்டி ஆறு பேர் தூக்கி நிறுத்திப் பார்த்தோம். அதில் நானும் ஒருவன். கையை எடுத்தால் உட்கார்ந்துவிடும். ஒன்பது நாள் கிடந்து பத்தாம் நாள் போய்விட்டது.

அய்யம்மாள் மகனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் மனசு ஆறியிருக்கும். செவலையை அவிழ்த்துக்கொண்டு போய் வெளியே புங்க மரத்தில் கட்டினாள். "ஏம் மகன் போட்ட தரையில இனி ஏம் மாடு காலு வைக்காது" என்று என்னிடம் சொன்னாள், அவன் காதில் விழுகிற மாதிரி. அன்றிலிருந்து மகனிடம் சோறு, தண்ணி, சாவி என்று வேண்டிய பேச்சு மட்டும்தான். எட்டு மாதமாகத் தொழுவம் சும்மா கிடந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் தங்கள் தொழுவத்தில் கடையில் வாங்கிய ரப்பர் பாயை விரித்துப் பார்த்தார்கள். மூத்திரம் அடியில் இறங்கி நாற்றம் எடுத்ததுதான் மிச்சம்.

இப்போது செவலை நிறைசினை. ஆடி முதல் வாரத்தில் ஈனும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனி பிறந்ததும் மேகமலைப் பக்கமிருந்து காற்றும் சாரலும் தொடங்கிவிட்டன. கன்று நனைந்த மண்ணில் விழுந்தால் பிழைக்குமா என்று எல்லோருக்கும் உள்ளூர பயம். அய்யம்மாளுக்கும் பயம்தான், ஆனால் வீம்பு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

கயல் தேனியில் தேய்ந்த டயரைச் சுரண்டிப் புது ரப்பர் ஒட்டி ரீட்ரேடிங் போடுகிற பட்டறையிலிருந்து நாலு மூட்டை ரப்பர்த் தூள் கொண்டுவந்தாள். பட்டறைக்காரர் எனக்குப் பழக்கம் என்பதால் நானும் லோடு ஆட்டோவில் கூடப் போனேன். அவள் அதைச் சல்லடையில் சலித்தாள், நூலையும் கம்பித் துணுக்கையும் பொறுக்கினாள், சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் மூன்று தரம் கழுவினாள். அழுக்கும் எண்ணெயும் போனால்தான் சிமெண்ட் பிடிக்குமாம். பத்துச் சட்டி எம்-சாண்ட் மணலுக்கு ஒரு சட்டி ரப்பர் என்று கலந்து சோதனைக்கு நாலு கல் போட்டாள். பத்தாம் நாள் ஒன்றை என் கையில் கொடுத்து, "கீழ போடுங்கண்ணே" என்றாள்.

இடுப்பு உயரத்திலிருந்து போட்டேன். ஹாலோ பிளாக் என்றால் இரண்டாகியிருக்கும். இது தொம்மென்று விழுந்து புரண்டு படுத்தது. மூலை மட்டும் லேசாக நசுங்கியிருந்தது. நான் கைத்தூசியைத் தட்டிவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன்.

இன்னொரு கல்லை அவள் மாமியார் முன்னால் வைத்து, அதன்மேல் சாணித் தண்ணீரை ஊற்றினாள்.

"ஏறி நின்னு பாருங்கத்த. வழுக்குதா?"

அய்யம்மாள் செருப்பைக் கழற்றி ஏறி, குதிகாலால் அப்படியும் இப்படியும் தேய்த்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் தேய்த்தாள்.

"வெள்ளிக்கெழம நல்ல நாளு. பூச போட்டு ஆரம்பி" என்றாள்.

அந்தச் சொல் கிடைத்த நிமிடம் விஜயபாண்டி சம்மட்டியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குள் போனான். பழைய தரையை அவன் உடைத்ததைப் பார்த்திருக்க வேண்டும். களத்து ஆள் சுருளியாண்டி உதவிக்குப் போனதற்கு, வெளியே போ என்று விரட்டிவிட்டான். சாயங்காலத்துக்குள் ஒரு துண்டு மிச்சமில்லை. பெரிய ஜல்லியைக் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டித்து வைத்தான். கல் வந்தால்தான் மாடு நிற்க முடியும் என்கிற நிலைமை.

வெள்ளிக்கிழமை காலையில் மிக்சருக்கும் வைப்ரேட்டர் மேசைக்கும் பொட்டு வைத்துப் பூசை. அய்யம்மாள் வெல்லம் தட்டிப் போட்டு, சுக்கும் ஏலக்காயும் இடித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரு குடம் பானகம் கரைத்திருந்தாள். ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தாள். எனக்கு இரண்டாவதும் நீட்டினாள்.

"வேணாத்தா, சுகர் இருக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"சாமி பானகத்துக்கு என்னப்பா சுகரு?"

"சாமிக்கு இல்ல, எனக்குல்ல இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அரைக்குடம் மிச்சம் என்பதை அப்போது யாரும் பார்க்கவில்லை. வேலை தொடங்கிவிட்டது.

ஆறு மூட்டை சிமெண்ட், நூற்று முப்பத்திரண்டு கல். சுருளியாண்டி சிமெண்டும் மணலும் ரப்பரும் அளந்து மிக்சரில் போட, விஜயபாண்டி ட்ரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்ற, கயல் கலவையைக் கையில் அள்ளி உருண்டை பிடித்துப் பார்ப்பாள். மேசைமேல் அச்சை வைத்து நிரப்பி மோட்டாரை ஓட விட்டால் கலவை அடங்கும். "போதும் போதும், நிப்பாட்டு! ரொம்ப ஆட்டுனா ரப்பரு மேல மெதந்துரும்" என்று கத்திக்கொண்டே இருந்தாள். மத்தியானம் தட்டைப்பயற்றுக் குழம்பும் அவித்த மரவள்ளியும் சாப்பிட்டுவிட்டு மறுபடி வேலையில் இறங்கினார்கள். பொழுது சாய அத்தனை அச்சும் நிரம்பி வரிசையாகக் கிடந்தன.

சனிக்கிழமை காலையில் எனக்கு ஓயாத வேலை. மதுரை வேன் ஒன்றுக்கு ஸ்டெப்னி மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் எதிர்த்த களத்தில் சத்தமே இல்லை என்று உறைத்தது. அச்சைக் கவிழ்த்துத் தட்டுகிற சத்தம் ஏழு மணிக்கே கேட்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

விஜயபாண்டி காலடியில் ஒரு கல் புட்டாக உதிர்ந்து கிடந்தது. கயல் இன்னொரு அச்சில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். விரல் உள்ளே இறங்கியது.

"இப்ப ஊத்துன மாதிரியே இருக்குண்ணே" என்றாள்.

"சிமெண்டு பழசா?"

"புதுசுண்ணே" என்றான் விஜயபாண்டி. "இதே மூட்டையில நேத்து சாயங்காலம் ரெண்டு ஹாலோ பிளாக்கு போட்டேன். அந்தா கெடக்கு பாருங்க, இரும்பா நிக்குது. ரப்பருதான். இல்லாட்டி இவ கழுவுன சோடா."

"சோதனக் கல்லுக்கும் அதே சோடாதானங்க? அது எப்பிடி எறுகுச்சு?"

"அப்ப நீயே சொல்லு, ஏன் எறுகல?"

அவளுக்குத் தெரியவில்லை. அய்யம்மாள் தள்ளி நின்று, "சனிக்கெழமயும் அதுவுமா அச்சப் பிரிக்காதன்னு சொன்னேன், கேட்டீகளா?" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள்.

உண்மையைச் சொல்கிறேன். நான் சொன்னது பலித்துவிட்டதே என்று எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கயல் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகிவிட்டது. அவள் முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை. ஒவ்வொரு அச்சாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கல் அப்படியேதான் இருந்தது. போட்டு இரண்டு நாள் ஆயிற்று.

அன்று சாயங்காலம் சாரல் பிடித்துக்கொண்டது. புங்க மரத்தடியில் தார்ப்பாயைக் கட்டி அதன்கீழ் செவலை நின்றது. ஈனப்போகும் அடையாளமாக மடி இறங்கிவிட்டது. வாலடி தளர்ந்து குழி விழுந்திருந்தது. அய்யம்மாள் சாக்கால் அதன் முதுகைத் துடைத்தபடி இருந்தாள். விஜயபாண்டி நனைந்துகொண்டே வந்து நின்றான்.

"நாளைக்குக் காலையில எல்லாத்தையும் அள்ளிக் குழியில கொட்டிட்டுச் சாதாக் கல்லு போடுறேன். மூணு நாள்ல உள்ள கட்டிரலாம்."

"கட்டு. ஏம் மாடு ஏறாது."

"பெறகு மழையில கன்னு போடச் சொல்றியா?"

"வழுக்கி விழுந்து சாகுறதுக்கு நனையட்டும்."

அவன் திரும்பி நடந்தான். என்னைத் தாண்டிப் போகும்போது அவன் கண்ணைப் பார்த்தேன். மழைத் தண்ணீர் மட்டுமில்லை.

திங்கட்கிழமை காலையில் சுருளியாண்டி வந்ததும் விஜயபாண்டி மண்வெட்டியையும் சட்டியையும் எடுத்துப் போட்டான். கயல் புதுக் கலவைக்கு ட்ரம்மைக் கழுவப் போனாள். நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மனமில்லாமல் கூடப் போய் ட்ரம்மைச் சாய்க்கக் கை கொடுத்தேன். அவள் பட்டென்று என் கையைத் தடுத்தாள்.

"அண்ணே, தண்ணி ட்ரம்முல எறும்புக்கு என்ன வேல?"

பார்த்தேன். சித்தெறும்புகள் சுவரோரமாகச் சாரை பிடித்து வந்து, ட்ரம்மில் ஏறி, விளிம்பில் ஒரே இடத்தில் அப்பிக் கிடந்தன. அந்த இடத்தில் என்னவோ வழிந்து காய்ந்து பிசுபிசுப்பாக இருந்தது. கயல் எறும்பை ஊதிவிட்டு, விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். இரண்டாவது தரமும் வைத்தாள்.

"அத்தை!" என்று அவள் போட்ட சத்தத்தில் சுருளியாண்டி மண்வெட்டியைக் கீழே விட்டுவிட்டான்.

அய்யம்மாள் பாதி கறந்த செம்போடு ஓடி வந்தாள். பக்கத்து வீட்டு மாட்டைக் கறக்கப் போயிருந்தவள்.

"என்னாடி, பாம்பா?"

"வெள்ளிக்கெழம மிச்சமிருந்த பானகத்த என்ன செஞ்சீக?"

அய்யம்மாள் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ஏன், அதுக்கென்ன?"

"என்ன செஞ்சீகன்னு சொல்லுங்கத்த."

"சாமிக்கு வச்சத மிதிபடுற எடத்துலயா ஊத்துவாக? களமெல்லாம் ஆளு நடக்குது, வாசல்ல கோழி நடக்குது. இந்தத் தண்ணியில ஊத்துனா கல்லுக்குள்ள போயிரும், சாமியும் மாட்டுக்குக் காவலா இருக்கும்னு..." அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "அரக்கொடந்தான் ஊத்துனேன். தப்பா?"

கயல் அப்படியே ட்ரம்மில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாதபடி இருந்தது.

"இனிப்பு சேந்தா சிமெண்டு எறுகாதுத்த! காலேஜுல மொத வருசமே சொல்லிக் குடுத்தாக. கொஞ்சூண்டு சீனி போதும், கலவ அப்பிடியே கெடக்கும். ட்ரம்மு தீந்த பெறகு கொழாத் தண்ணியில போட்ட அந்த ரெண்டு ஹாலோ பிளாக்கு மட்டும் அதான் எறுகுச்சு. நான் ரப்பரு ரப்பருன்னு மண்டைய ஒடச்சுக்கிட்டு இருக்கேன்."

"அப்ப இதுக்கும் எனக்கிருக்குற வியாதிதானா?" என்றேன். நான் அந்த இரண்டாவது டம்ளரை வாங்கிக் குடித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதே என்று மனசு அடித்துக்கொண்டது.

விஜயபாண்டி மட்டும் சிரிக்கவில்லை. "எறுகவே எறுகாதா?"

"எறுகுங்க. ஊத்துனது கொஞ்சம்தான. லேட்டாகும், ஆனா எறுகும். எறுகுனா நல்லாவே பிடிக்கும். கொட்டிராதீக. ஈரச் சாக்கப் போத்தி விடுங்க, காத்துல காயக் கூடாது."

அய்யம்மாள் செம்பைக் கீழே வைத்தாள். அவள் மகனைப் பார்த்தது அப்போதுதான். எட்டு மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தாள்.

"ஏலே பாண்டி. நல்லதுன்னு நெனச்சுத்தாண்டா ஊத்துனேன்."

"சரித்தா, விடு."

"நீயும் நல்லதுன்னு நெனச்சுத்தான வழவழன்னு போட்ட?"

அவன் குனிந்தான். தரையில் கிடந்த மண்வெட்டியை எடுத்து அதற்கான இடத்தில் சாத்திவிட்டு, வெறுங்கையோடு வந்து அம்மா பக்கத்தில் நின்றான். அய்யம்மாள் முந்தானையால் அவன் தலையில் ஒட்டியிருந்த சிமெண்டைத் துடைத்துவிட்டாள். வளர்ந்த ஆளுக்கு இப்படியா என்று சுருளியாண்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நான் திரும்பவில்லை. எனக்கு அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

அன்று முழுக்க நாங்கள் மாறி மாறிச் சாக்குக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தோம். பஞ்சருக்கு வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு நான் நாலு தரம் போனேன். சாயங்காலம் விரல் இறங்கவில்லை, நகம் மட்டும் இறங்கியது. செவ்வாய்க்கிழமை காலையில் நகமும் பாதிதான். பொழுது சாய கீறினால் கோடுகூட விழவில்லை. கயல் அத்தனை நாள் பட்டினிக்கும் சேர்த்து அன்றைக்குச் சாப்பிட்டாள். மாமியார் கையாலேயே சோறு போட்டு, "இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி" என்று நிற்காமல் ஊற்றினாள்.

புதன்கிழமை அச்சைக் கவிழ்த்தார்கள். ஒன்று, இரண்டு, பத்து என்று கல்கள் முழுசாக வந்து விழுந்தன. தொம், தொம் என்று அந்த மந்தமான சத்தம் என் கடைவரை கேட்டது. நான் போனதும் கயல் ஒன்றை நீட்டினாள். நானாகவே இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் போட்டேன். புரண்டு படுத்தது.

"இன்னும் ஒரு வாரம் தண்ணியில ஊறணும்ணே. ஆனா செவல அதுவரைக்கும் தாங்காது" என்றாள்.

"தரையில பதிச்சுட்டே தண்ணி ஊத்து. மாட்டுக்கும் ரெண்டு வாளி சேத்து ஊத்துவோம், நமக்கென்ன தண்ணிக்கா பஞ்சம்? வாய்க்கா நெறையப் போகுது" என்றாள் அய்யம்மாள்.

வியாழக்கிழமை ஜல்லிமேல் மணலைப் பரப்பி, ரசமட்டம் வைத்து, மூத்திரம் வழிந்தோட வாட்டம் கொடுத்துக் கல்லைப் பதித்தார்கள். சந்துக்கெல்லாம் கலவை பூசினார்கள். கருஞ்சாம்பல் நிறத்தில், தொட்டால் சொரசொரவென்று ஒரு தரை. அழகு என்று சொல்ல முடியாது. இந்தத் தடவை அருமை என்று சொல்ல நான் அவசரப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செவலை படுப்பதும் எழுவதுமாக இருக்க, அய்யம்மாள் கயிற்றை அவிழ்த்தாள். தொழுவ வாசலில் மாடு நின்றுவிட்டது. மூக்கை இறக்கித் தரையை மோந்தது. கூட நின்ற மாடு வழுக்கியதைப் பார்த்த மாடு அல்லவா? இழுத்தாலும் வரவில்லை. விஜயபாண்டி பின்னால் தள்ளப் போனான்.

"தள்ளாதடா. அதுவா வரட்டும்" என்று அய்யம்மாள் தானே உள்ளே போய், வெறுங்காலோடு நடுவில் நின்று, "வாத்தா, வா" என்றாள். செவலை ஒரு முன்னங்காலை வைத்தது. அழுத்திப் பார்த்தது. அடுத்த காலை வைத்தது. பிறகு நாலும் உள்ளே வந்துவிட்டது. வெளியே சாரல் ஓட்டில் விழ ஆரம்பித்தது.

மூன்றரை மணிக்குக் கன்று விழுந்தது. கிடேரி, நெற்றியில் வெள்ளை. தாய் நக்க நக்க, தரையெல்லாம் பனிக்குட நீரும் சளியுமாக நனைந்து கிடந்தது. வழுக்குகிற தரை என்றால் அதைவிட மோசமான நேரம் கிடையாது. கன்று பின்பக்கத்தைத் தூக்கியது, முன்னால் குப்புற விழுந்தது. மறுபடி தூக்கியது. விஜயபாண்டி ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தான். அய்யம்மாள் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். கயல் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றாள். கன்று மூன்றாவது தரம் எழுந்தது. நாலு காலும் விரிந்து நடுங்கின. குளம்பு சறுக்கவில்லை. அப்படியே நின்று, மடியைத் தேடி முட்டியது.

"ஏலே பாண்டி, பாருடா" என்றாள் அய்யம்மாள். கண்ணீர் ஒழுகுவதைத் துடைக்கவும் இல்லை. "ஒந்தரையில கன்னு நிக்குது."

அவன் தொழுவத்துத் தூணில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். யாரும் அவனைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய அழுகை இல்லை அது.

மாட்டுக்கு வெல்லமும் கஞ்சியும் வைத்த கையோடு அய்யம்மாள் எங்களுக்குப் பானகம் கரைத்தாள். இரண்டாவது டம்ளரை என்னிடம் நீட்டத் தயங்கினாள். நானே வாங்கிக் குடித்தேன். குடத்தைச் சாய்த்துப் பார்த்து, அடியில் கிடந்ததையும் ஊற்றச் சொன்னேன். மிச்சம் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.